ஆங்கிலப் பைபிள் எது வாங்கலாம்? சாட்ஸ்வொர்த் புத்தக மேசையிலிருந்து

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசல் ஓரம் மேசை போட்டு, பைபிள், பாட்டுப் புத்தகம், சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகம் எல்லாம் பரப்பி வைப்பது என் பொறுப்பு. இடம் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி இங்கே வந்தேன். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஆயா (பாட்டி) ஒருவர்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ் வேதப்புத்தகம் வாசிப்பார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆங்கிலம்தான். அதனால் மேசையில் அதிகம் போவது ஆங்கிலப் பைபிள், அதிகம் வருகிற கேள்வியும் ஒன்றுதான்: "ஆன்ட்டி, இதிலே எது நல்ல பைபிள்?"

நான் பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்பேன். "உங்கள் வீட்டில் இருக்கிற தமிழ் பைபிள் எது?"

ஆங்கிலப் பைபிள் வாங்க வந்தவரிடம் தமிழ் பைபிளைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்று பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் ஏராளம். அவை எல்லாம் சொல்லுக்குச் சொல்லா, கருத்துக்குக் கருத்தா என்ற இடத்தில் தொடங்கும். நம் வீட்டில் நிலைமை வேறு. ஒரே அறையில் ஒருவர் தமிழில் வாசிக்க, அடுத்தவர் அதே பகுதியை ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒன்றோடொன்று போகாவிட்டால் ஜெபக் கூட்டம் பாதியில் வாக்குவாதமாகிவிடும்.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை வீட்டு ஜெபம். ஆளுக்கொரு வசனமாக அப்போஸ்தலர் நடபடிகள் 8 போய்க்கொண்டிருக்கிறது. எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் காட்டி, "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று கேட்கிற இடம் வந்தது. அடுத்தது 37. முறை ஒரு பேரனுடையது; கையில் என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) என்ற ஆங்கிலப் பைபிள். பையன் விரலை வைத்துத் தேடுகிறான். 36 இருக்கிறது, 38 இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. "ஆயா, என் பைபிளில் 37 இல்லை." ஆயா தன் புத்தகத்தைக் காட்டுகிறார், பிலிப்பு பதில் சொல்வதும், மந்திரி விசுவாச அறிக்கை செய்வதும் அதில் முழுசாக இருக்கிறது. பக்கத்தில் இருந்த பெரியம்மா உடனே, "இந்தப் புதுப் புத்தகமெல்லாம் இப்படித்தான், வசனத்தைத் திருடிவிட்டார்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

யாரும் திருடவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர். 1551-ல் அவர் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அந்த எண்கள் வந்தன. அந்தக் காலத்துக் கிரேக்க அச்சுப் பதிப்புகள், 1516-ல் வந்த எராஸ்முஸ் பதிப்பு தொடங்கி, பெரும்பாலும் பிற்காலத்துக் கையெழுத்துப் படிகளை வைத்து உருவானவை. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பைபிள் அந்த வழியைப் பின்பற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் சினாய் மலை மடத்திலிருந்து கிடைத்த படி, வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் படி போன்ற 4-ஆம் நூற்றாண்டுப் படிகளை அறிஞர்கள் நன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, சில வசனங்கள் அவற்றில் இல்லை என்று தெரிந்தது. வசனத்தை அடிக்குறிப்புக்கு இறக்கினார்கள். எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் உலகத்தில் இருக்கிற எல்லாப் பைபிளிலும் எண் குழம்பிவிடும் அல்லவா? அதனால்தான் 36-க்குப் பிறகு 38.

நம் ஆயாக்கள் கையில் இருக்கிற பரிசுத்த வேதாகமம் ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்தது. வசனங்களைப் பொறுத்தவரை அது கிங் ஜேம்ஸோடு ஒத்துப்போகும். மத்தேயு 17:21, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7-ல் வரும் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" எல்லாம் அதில் உண்டு. என்.ஐ.வி.-யிலும் ஈ.எஸ்.வி.-யிலும் (இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) இவை வசன வரிசையில் இருக்காது; பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

ஆகவே வீட்டில் அந்தப் பழைய தமிழ் வேதாகமம் இருந்து, தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வாசிக்கிற பழக்கமும் இருந்தால், என் முதல் யோசனை என்.கே.ஜே.வி. அதாவது நியூ கிங் ஜேம்ஸ். புதிய ஏற்பாடு 1979-லும் முழுப் பைபிள் 1982-லும் வந்தன. கிங் ஜேம்ஸின் கிரேக்க மூலத்தையே வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை மட்டும் இக்காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வசனங்கள் ஆயாவின் புத்தகத்தோடு ஒத்துப்போகும். பழைய படிகளில் எது இல்லை என்பதைக் கீழே குறிப்பாகவும் போட்டிருப்பார்கள். சண்டையும் வராது, விஷயமும் மறைக்கப்படாது. ஆங்கிலப் புலமை உள்ளவர்கள் சிலருக்கு அதன் நடை ரெண்டுங்கெட்டானாகத் தெரியும். எனக்கும் சில சங்கீதங்களில் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனாலும் இரண்டு மொழி வீட்டுக்கு அதுபோல் சௌகரியமானது வேறில்லை.

வீட்டில் இருப்பது 1995-ல் வந்த திருவிவிலியமா? அப்படியானால் நீங்கள் கத்தோலிக்கராக இருக்கலாம்; கணக்கே வேறு. உங்களுக்கு 73 நூல் வேண்டும். தோபித்து, யூதித்து, மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு இவையெல்லாம் சாதாரண என்.ஐ.வி.-யில் கிடையாது, அதில் 66 மட்டுமே. முகப்பில் "கத்தோலிக்கப் பதிப்பு" என்று போட்ட என்.ஆர்.எஸ்.வி. (நியூ ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்), அல்லது ஜெருசலேம் பைபிள் வழியில் வந்த பதிப்புகளைப் பாருங்கள். ஈ.எஸ்.வி.-க்கும் 2018-ல் இந்தியாவில் கத்தோலிக்கப் பதிப்பு வந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது வரும்போது வாங்கி வரச் சொல்லலாம். கடையில் அட்டையை மட்டும் பார்க்காமல் பொருளடக்கத்தைத் திறந்து தோபித்து இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

சரி, கிங் ஜேம்ஸுக்கு வருவோம். இங்கே பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்த பெரியவர்களுக்கு அதுதான் பைபிள், மற்றதெல்லாம் புத்தகம். 1611-க்கு உழைத்தவர்கள் 47 அறிஞர்கள் என்பார்கள். அவர்களுக்கு முன்னால் 1526-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வில்லியம் டிண்டேலின் சொற்கள் அதில் ஏராளமாக இருக்கின்றன. காதில் விழுகிற ஓசைக்கு இன்றுவரை அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். மனப்பாடமாகச் சொல்கிற தாத்தாக்களிடம் போய் மாற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை ஒரே பைபிளாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தெரியாத சொல் வந்தால் பிள்ளை அகராதியைப் பார்க்கும். தெரிந்த சொல்லே வேறு அர்த்தத்தில் வந்தால் பார்க்காது. ஆபத்து அங்கேதான். மாற்கு 10:14-ல் "சஃபர் த லிட்டில் சில்ட்ரன்" என்று இருக்கும். சண்டே ஸ்கூலில் ஒரு பெண் குழந்தை இதைப் படித்துவிட்டு, "இயேசு ஏன் பிள்ளைகளைக் கஷ்டப்படச் சொல்கிறார்?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் "சஃபர்" என்றால் அனுமதிப்பது. தமிழில் "இடங்கொடுங்கள்" என்று தெளிவாக இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:15-ல் உயிரோடிருப்பவர்கள் மரித்தவர்களை "ப்ரிவென்ட்" பண்ணமாட்டார்கள் என்று வரும். தடுக்கமாட்டார்கள் என்று இன்றைய பிள்ளை புரிந்துகொள்ளும். அங்கே பொருள் முந்திக்கொள்வது. நம் தமிழ் வேதாகமத்திலும் அப்படியேதான் இருக்கிறது. கிங் ஜேம்ஸ் படிக்கிறவர் தமிழும் படித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிங் ஜேம்ஸ் பக்தர்கள் ஒரு நியாயமான வாதம் வைப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒருவரைச் சொல்ல "தௌ", பலரைச் சொல்ல "யே" என்று தனித்தனியாக இருந்தது. இன்று எல்லாம் "யூ". லூக்கா 22:31, 32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தான் "உங்களை"ப் புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். முதலில் சீஷர் எல்லாரும், பிறகு பேதுரு மட்டும். தமிழ் வாசிக்கிறவருக்கு இது சும்மாவே தெரியும். ஆங்கிலத்தில் என்.ஐ.வி. "ஆல் ஆஃப் யூ" என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறது, ஈ.எஸ்.வி. "யூ" என்றே விட்டுவிட்டு, இது பன்மை என்று அடிக்குறிப்பு போடுகிறது. இரண்டும் நேர்மையான வழிகள்தான். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. அதற்காக மட்டும் "தௌ"வுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆயாவின் புத்தகம் பக்கத்தில் இருக்கிறதே.

கடைக்குப் போகுமுன் போனில் பல மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். யூவெர்ஷன் செயலியும் பைபிள் கேட்வே தளமும் இலவசம். முழுவதும் படித்துப் பார்க்கத் தேவையில்லை. நான் திறக்கச் சொல்கிற இடங்கள் கொஞ்சம்தான்.

முதலில் மத்தேயு 18:24. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அதாவது ஒரே ஒரு தாலந்துக்கு ஒரு கூலியாள் இருபது வருஷம் உழைக்க வேண்டும். பதினாயிரம் என்றால் ஏழேழு தலைமுறைக்கும் அடைக்க முடியாத கடன். கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஈ.எஸ்.வி., என்.கே.ஜே.வி. "தாலந்து" என்றே வைத்துக்கொள்கின்றன. நாம் குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்.ஐ.வி. 2011 "பத்தாயிரம் பை தங்கம்" என்கிறது. என்.எல்.டி. (நியூ லிவிங் டிரான்ஸ்லேஷன்) "மில்லியன் கணக்கான டாலர்" என்கிறது. தென்னாப்பிரிக்க ரேண்டில் சம்பளம் வாங்குகிற எங்கள் பிள்ளைகளுக்கு டாலர் என்றதும் ஏதோ அமெரிக்கக் கதை மாதிரி ஆகிவிடுகிறது. இருந்தாலும் "பெரிய தொகை" என்பது உடனே பிடிபடுகிறது. இந்த மூன்றில் எது உங்களுக்கு இயல்பாகப் படுகிறதோ, அதிலேயே உங்களுக்கேற்ற வகை ஓரளவு தெரிந்துவிடும். முதல் வகை சொல்லை ஒட்டிப் போவது, கடைசி வகை பொருளைச் சொல்லிவிட்டுப் போவது, நடுவில் இருப்பது என்.ஐ.வி.; 2017-ல் வந்த சி.எஸ்.பி.-யும் (கிறிஸ்டியன் ஸ்டாண்டர்ட் பைபிள்) ஏறக்குறைய அந்த நடு இடத்தில்தான்.

அடுத்தது ரோமர் 3:25. தமிழில் "கிருபாதாரபலி". பெரிய சொல், பாதி சபைக்குப் புரியாது, ஆனால் போதகர் விளக்குவார் என்ற நம்பிக்கையில் நூற்றைம்பது வருஷமாக நிற்கிறது. கிங் ஜேம்ஸ், என்.கே.ஜே.வி., ஈ.எஸ்.வி., என்.ஏ.எஸ்.பி. (நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பைபிள்) நான்கிலும் "ப்ரொபிஷியேஷன்" என்று இருக்கும். அதுவும் அதே ரகம். என்.ஐ.வி. பாவநிவாரண பலி என்கிற பொருளில் கொஞ்சம் இறங்கி வருகிறது. என்.எல்.டி. பாவத்துக்கான பலி என்று முடித்துவிடுகிறது. நீங்கள் சபையில் பிரசங்கிக்கிறவர், வேதபாடம் நடத்துகிறவர் என்றால் அந்தப் பெரிய சொல் உள்ள ஒன்று கையில் இருக்கத்தான் வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு அதிகாரம் வாசிக்கிறவருக்கு அது கட்டாயமில்லை.

மூன்றாவது சங்கீதம் 23. இதைக் கண்ணால் படிக்காதீர்கள், சத்தமாக வாசியுங்கள், முடிந்தால் இன்னொருவரைக் கேட்கச் சொல்லி. இந்த ஊரில் சாவு வீடென்றால் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் எல்லாரும் வந்து நிற்பார்கள். 23-ஆம் சங்கீதம் எல்லாருக்கும் காதில் விழுந்து பழகியது. ஒரு அடக்க ஆராதனையில் போதகர் என்.ஐ.வி. 2011-ஐ வைத்து வாசிக்க, கூட்டம் கூடவே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. நான்காம் வசனத்தில் அவர் "டார்க்கஸ்ட் வேலி" என்கிறார், கூட்டம் "ஷேடோ ஆஃப் டெத்" என்கிறது. ஒரு நொடி இரண்டு பக்கமும் தடுமாறி, பிறகு போதகரே கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். எபிரெயச் சொல்லுக்கு இரண்டு விதமாகவும் பொருள் கொள்கிறார்கள். நம் தமிழ் "மரண இருளின் பள்ளத்தாக்கு" என்று மரணத்தையும் இருளையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. பொது இடத்தில் வாசிக்கிறவர்கள் கூட்டத்தின் வாயில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே யோசிப்பது நல்லது. 23-ஐப் பொறுத்தவரை அடக்க ஆராதனைக்கு ஈ.எஸ்.வி.-யோ என்.கே.ஜே.வி.-யோ போதும்.

இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1984-ல் வந்த என்.ஐ.வி.-யில் அதே வசனம் "ஷேடோ ஆஃப் டெத்" என்றுதான் இருந்தது. பெயர் ஒன்று, உள்ளே வேறு. என்.ஐ.வி. 1978-ல் முழுசாக வந்தது, 1984-ல் திருத்தினார்கள், 2011-ல் மறுபடியும் திருத்தினார்கள். "சகோதரரே" என்று இருந்த பல இடங்கள் 2011-ல் "சகோதர சகோதரிகளே" ஆயின. எனக்கு அது சரியாகவே படுகிறது. எங்கள் சபையில் பாதிக்கு மேல் பெண்கள்தான். சிலருக்கு அது கோபம். என்.ஏ.எஸ்.பி.-யிலும் 1995, 2020 என்று இரண்டு பதிப்பு புழக்கத்தில் உண்டு. ஈ.எஸ்.வி. 2001-ல் வந்தது, பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள். ஆகவே பழைய புத்தகக் கடையிலோ, யாராவது கொடுத்தோ பைபிள் கிடைத்தால், தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் பதிப்புரிமை வருஷத்தைப் பாருங்கள். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனப் போட்டி வைக்கிற ஆசிரியர்களுக்கு இது முக்கியம். ஒரு பிள்ளை 1984 படித்துவிட்டு வரும், நடுவர் கையில் 2011 இருக்கும், பிள்ளைக்கு மதிப்பெண் போகும்.

என்.ஐ.வி. வாங்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று: "ஆங்கிலிசைஸ்ட்" என்று போட்ட பதிப்பைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பள்ளியில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்தான். அமெரிக்கப் பதிப்பில் "கலர்" என்பதில் ஒரு எழுத்து குறையும். பைபிளைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குட் நியூஸ் பைபிளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். புதிய ஏற்பாடு 1966, முழுப் பைபிள் 1976. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களையும் மனதில் வைத்து எளிய சொற்களில் செய்தது. அன்னி வல்லட்டன் வரைந்த கோட்டுப் படங்கள் அதில் இருக்கும். நாலு கோட்டில் ஒரு முழு மனுஷன். படித்தவர்கள் சிலர் இதைச் சிறுபிள்ளைப் பைபிள் என்று ஒதுக்குவார்கள். எங்கள் சபைக்கு வருகிற சூலு குடும்பங்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தமிழ்வழியில் படித்த தம்பிமாருக்கும் நான் முதலில் நீட்டுவது இதைத்தான். அவர்கள் வாசித்து முடிக்கிறார்கள், அது போதாதா? தென்னாப்பிரிக்க வேதாகமச் சங்கத்தில் கேட்டால் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கும். என்.எல்.டி.-யும் எளிமைதான், நடை இன்னும் சரளம். சின்னப் பிள்ளைகளுக்கு என்.ஐ.ஆர்.வி. என்று என்.ஐ.வி.-யையே குட்டி வாக்கியங்களாக்கிய ஒன்று உண்டு.

மொழிபெயர்த்தவர் ஒருவரா, குழுவா என்பதையும் முன்னுரையில் பாருங்கள். மேலே நான் வாங்கச் சொன்னவை பெரும்பாலும் குழு வேலை. 1971-ல் வந்த லிவிங் பைபிள் கென்னத் டெய்லர் தனியாகச் செய்தது. வீட்டில் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று ரயிலில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் எழுத ஆரம்பித்தார். 2002-ல் முழுமையான மெசேஜ், யூஜின் பீட்டர்சன் என்ற போதகர் செய்தது. இவை வீட்டில் குழம்பு ஊற்றிய சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற ஊறுகாய் மாதிரி. ருசியாக இருக்கும், ஆனால் அதையே சாப்பாடாக்க முடியாது. பவுலின் நிருபங்களில் எனக்கு ஒரு பத்தி விளங்காமல் நின்றால் மெசேஜைத் திறப்பேன். ஒரு உபதேசத்தை நிரூபிக்க அதை மேற்கோள் காட்டுகிறவர்களைக் கண்டால் எழுந்து டீ போடப் போய்விடுவேன். பேஷன் டிரான்ஸ்லேஷனும் அடிப்படையில் ஒருவருடைய வேலைதான். மூலத்தில் இல்லாததை நிறையச் சேர்க்கிறது என்று அறிஞர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். பைபிள் கேட்வே 2022-ல் அதைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

வீட்டு வாசலில் வந்து இலவசமாகக் கொடுக்கிற நியூ வேர்ல்ட் டிரான்ஸ்லேஷன் யெகோவாவின் சாட்சிகள் தங்களுக்காகச் செய்துகொண்டது. யோவான் 1:1-ஐத் திறந்து பார்த்தால் மற்ற எல்லாப் பைபிளிலிருந்தும் எங்கே பிரிகிறது என்று தெரியும்.

ஸ்டடி பைபிள் கேட்டு வருகிறவர்கள் நிறைய. கொழுத்த புத்தகம், பக்கத்தில் பாதி விளக்கம். இங்கே பழைய குடும்பங்களில் 1909-ல் முதலில் வந்த ஸ்கோஃபீல்ட் பைபிளைத் தோல் அட்டையோடு பத்திரமாக வைத்திருப்பார்கள். மேலே கிங் ஜேம்ஸ் வசனம், கீழே ஸ்கோஃபீல்டின் குறிப்பு. தாத்தா சொல்கிற சில விஷயங்கள் வசனத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்தால் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். விளக்கவுரை வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் எந்த மொழிபெயர்ப்பு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் எவருடைய குறிப்பு என்று பாருங்கள். குறிப்பே வேண்டும், அதுவும் மொழிபெயர்ப்பாளர் ஏன் இப்படிச் செய்தார் என்பது வேண்டும் என்கிறவர்களுக்கு நெட் பைபிள் இருக்கிறது. 60,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

போனில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று இளவட்டங்கள் கேட்கும். லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த 2022, 2023-ல் அவர்களுக்கே விடை தெரிந்திருக்கும். மின்சாரம் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும்; இறக்கி வைக்காத மொழிபெயர்ப்பு திறக்காது. போன்தான் வேண்டுமென்றால் உங்களுக்குப் பிடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, தமிழ் ஒன்று, இரண்டையும் இணையமில்லாமல் திறக்கும்படி வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா விலை உங்களுக்கே தெரியும்.

புத்தகமாக வாங்கும்போது எழுத்தின் அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலிவுப் பதிப்புகளில் ஏழு பாயிண்ட் எழுத்துகூட வரும். ஐம்பது வயதுக்கு மேல் அதை வாசிக்க முடியாது. பத்து பாயிண்டுக்குக் குறையாமல் பாருங்கள். காகிதம் மெல்லிசாக இருந்தால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும், அதையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்பு சிலருக்குப் பிடிக்கும். எனக்கு மாலை வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாகத் தெரிகிறது, அதனால் கறுப்புதான். பழைய ஏற்பாட்டில் "லார்ட்" என்பது நான்கு எழுத்தும் பெரிய எழுத்தாக அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருக்கும் இடம்தான் தமிழில் பொதுவாகக் "கர்த்தர்". இரண்டு மொழியும் சேர்த்து வாசிக்கும்போது உதவும்.

யாருக்கு எது என்று கேட்டு நச்சரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆயாவோடு சேர்ந்து வாசிக்கிற வீடு என்றால் என்.கே.ஜே.வி.தான். ஆங்கிலம் மட்டுமே ஓடுகிற இளம் குடும்பம், என்.ஐ.வி., ஆனால் அடிக்குறிப்போடு கூடிய பதிப்பு. வேதபாடம் எடுப்பவர், ஈ.எஸ்.வி. அல்லது என்.ஏ.எஸ்.பி., பக்கத்தில் என்.எல்.டி.-யும் இருக்கட்டும். புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர், குட் நியூஸ், மாற்கு சுவிசேஷத்திலிருந்து. சபையில் எது வாசிக்கிறார்கள் என்று பார்த்து அதையே வாங்குவதும் தப்பில்லை. போதகர் வாசிக்கும்போது கண் தடுமாறாமல் கூடவே போகலாம்.

பரிசுக்கு வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கத் தயங்குவார்கள். எங்கள் மேசையில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைப் பிரித்தே வைத்திருக்கிறேன். கடையிலும் கேளுங்கள், திறந்த பிரதி இல்லையென்றால் உங்களுக்கு முன்னால் ஒன்றைப் பிரிக்கச் சொல்லுங்கள்.